கிண்டிலில் குறவஞ்சி படிக்கலாமா?

மதுரையிலிருந்து தென்காசி போகிற சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டினாற்போல இருக்கும் ஊர் வாசுதேவநல்லூர். இங்கே ஒருவருக்கு ஒரு நாவலோ கட்டுரைத் தொகுப்போ வேண்டுமென்றால் வழிகள் கொஞ்சம்தான். கிளை நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போகிறவர்களிடம் சொல்லி வைக்கலாம். பதிப்பகத்துக்குப் பணம் அனுப்பித் தபாலில் வரவழைக்கலாம். மாவட்டந்தோறும் அரசு நடத்துகிற புத்தகத் திருவிழா தென்காசியில் தொடங்கும்வரை காத்திருக்கலாம். பள்ளிக்கூட நோட்டும் தேர்வு கைடும் விற்கிற கடைகளில் இலக்கியம் கிடைப்பது அபூர்வம். இப்படிப்பட்ட ஊரில்தான் கிண்டில் போன்ற மின்வாசிப்பானுக்கு உண்மையான வேலை இருக்கிறது. சென்னையில் நாலு புத்தகக் கடை நடுவே குடியிருப்பவருக்கு அது ஒரு வசதி. இங்கே அது புத்தகம் கிடைக்கிற ஒரு புது வழி.

வாசிக்கிற பழக்கமுள்ளவர்கள் இதைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, “அதுல தமிழ் ஒழுங்காத் தெரியுமா சார்?” என்பதே. சரியான கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கருவி நன்றாகவே இருக்கிறது. தமிழ் வாசகர் கவலைப்பட வேண்டியது அதற்குள் போகிற கோப்பைப் பற்றி. கோப்பு நல்லதாக இருந்தால் சாதாரணக் கைப்பேசியில்கூடத் தமிழ் அழகாக நிற்கும். கோப்பு மோசமென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியிலும் பத்துப் பக்கம் தாண்ட முடியாது.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். கைப்பேசித் திரை தானே ஒளிர்கிறது. மின்வாசிப்பானின் திரை அப்படி ஒளிர்வதில்லை. காகிதத்தைப் போலவே, தன்மேல் விழுகிற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. திரைக்குள் மயிரிழை அகலமே உள்ள நுண்குமிழ்கள் இலட்சக்கணக்கில் பரப்பப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் தெளிந்த திரவம், அதில் மிதக்கும் வெள்ளைத் துகள்கள், கறுப்புத் துகள்கள். வெள்ளை என்பது டைட்டானியம் டை ஆக்சைடு; வீட்டுச் சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயிண்டில் இருப்பதும் இதுதான். கறுப்பு, கரித்தூள். இரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். கீழிருந்து மின்புலத்தை மாற்றினால் ஓரிடத்தில் வெள்ளை மேலே வரும், இன்னோரிடத்தில் கறுப்பு மேலே வரும். அதுவே எழுத்தாகத் தெரிகிறது. துகள்கள் ஒருமுறை இடம் மாறிவிட்டால் அப்படியே நிற்கும். பக்கம் திருப்பும்போது மட்டும்தான் திரைக்கு மின்சாரம் தேவை. ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் ஓடுவதன் காரணம் இது.

இந்த நுட்பத்துக்கு இ-இங்க் என்று பெயர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் பிறந்து, 1997இல் தனி நிறுவனமாயிற்று. இதைப் பயன்படுத்திய முதல் வாசிப்பான் சோனி நிறுவனத்தின் லிப்ரியே; 2004இல் ஜப்பானில் வந்தது. அமேசானின் கிண்டில் 2007 நவம்பரில் அமெரிக்காவில் வெளியானது. இருட்டிலும் படிக்க வழி செய்த கிண்டில் பேப்பர்வைட் 2012இல் வந்தது. அதில் சிறு விளக்குகள் திரையின் விளிம்பில் இருக்கின்றன. வெளிச்சம் திரைமேல் படர்ந்து, எழுத்தில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது.

பழகாதவர்களுக்கு முதலில் இரண்டு விஷயங்கள் விசித்திரமாகத் தெரியும். பக்கம் திருப்பும்போது சில சமயம் திரை முழுவதும் கறுத்து வெளுக்கும். முந்தைய பக்கத்தின் சாயல் லேசாகத் தங்கியிருக்கும். அதைத் துடைக்கத்தான் அந்தக் கறுத்து வெளுத்தல். பழுது என்று எண்ண வேண்டாம். இன்னொன்று வேகம். கைப்பேசிபோல விரல் பட்டதும் பாயாது. வாசிக்க மட்டும் என்று செய்த கருவிக்கு அது குறையாகாது என்பேன். அறிவிப்பு எதுவும் குறுக்கே வராமல் ஒரு மணி நேரம் உட்கார வைப்பது இந்தக் காலத்தில் பெரிய விஷயம்.

நம் ஊருக்கு இதன் வசதிகள் சொல்லாமலே விளங்கும். சித்திரை வெயிலில் திண்ணையில் உட்கார்ந்து படித்தாலும் எழுத்து மங்காது. வெயில் கூடக்கூடத் தெளிவு கூடும். இரவில் கரண்ட் போனாலும் படிக்கலாம். தென்காசிக்கு நாற்பது கிலோமீட்டர் போல பஸ்ஸில் போகிறவர் ஒற்றைக் கையால் பிடித்துக்கொள்ளலாம். அடிப்படைக் கிண்டிலின் எடை 158 கிராம். பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் அதற்குள் அடங்கும். அச்சில் அவ்வளவையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. சாரல் காலத்தில் குற்றாலத்தை ஒட்டிய ஊர்களில் அலமாரிப் புத்தகம் பூசணம் பிடிக்கும், கரையானுக்கும் பயப்பட வேண்டும். கருவிக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் அதன் பேட்டரி சில ஆண்டுகளில் தளரும். ஒழுங்காகத் தைத்த புத்தகம் பேரனுக்கும் உதவும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய நன்மை, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி. கண்புரை அறுவைக்குப் பிறகோ சர்க்கரை நோயாலோ பார்வை மங்கியவர்கள், ஒரு காலத்தில் மாதம் நாலு நாவல் படித்தவர்கள், படிப்பதையே விட்டுவிட்டிருக்கிறார்கள். தமிழ் எழுத்துகளில் சுழிகள் அதிகம். இ, ஐ, ஞ, ணை போன்றவை சிறிய அச்சில் ஒரு கறுப்புப் பொட்டாகத் திரண்டுவிடும். பெரியவர்களுக்கு இந்தக் கருவியைக் கொடுத்து, எழுத்தை இரண்டு பங்கு பெரிதாக்கிக் காட்டினால் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு வீட்டில் ஒரு மின்வாசிப்பான் இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இனி கோப்புக்கு வருவோம். விஷயம் இங்கேதான் இருக்கிறது.

மின்னூல் என்று நம்மிடம் வருவது உண்மையில் இரண்டு வகை. ஒன்று, எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்யப்பட்டது. ‘க’ என்றால் அது ‘க’ என்று கருவிக்குத் தெரியும். பெரிதாக்கலாம், சொல் தேடலாம், திரையின் அகலத்துக்கேற்ப வரியை மடக்கலாம். இன்னொன்று, புத்தகப் பக்கத்தை ஸ்கேன் செய்த படம். பெயர் பி.டி.எஃப். என்று இருக்கும், பார்க்க எழுத்துபோல இருக்கும், ஆனால் கருவிக்கு அது ஒரு போட்டோ. ஆறு அங்குலத் திரையில் முழுப்பக்கப் படத்தைச் சுருக்கினால் எழுத்து எறும்பாகிவிடும். பெரிதாக்கினால் பக்கத்தின் ஒரு மூலை மட்டும் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்த வேண்டும். கருவியைப் பக்கவாட்டில் திருப்பிப் பாதிப் பாதிப் பக்கமாகப் படிப்பது ஓரளவு உதவும். கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றின் ஸ்கேன் பிரதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நெற்கட்டும்செவல் பூலித்தேவரையும் பாளையக்காரர் போர்களையும் பற்றிப் படிக்க விரும்பும் வாசுதேவநல்லூர்க்காரருக்கு அது பொக்கிஷம். ஆனால் அதை ஆறு அங்குலக் கருவியில் படிக்க முயல வேண்டாம். பெரிய டேப்லெட்டிலோ கணினியிலோ படியுங்கள். அல்லது வேண்டிய அத்தியாயத்தை மட்டும் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொள்ளுங்கள். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைகள் பாடநூல் பி.டி.எஃப்.களை இப்படித்தான் கையாள்கிறார்கள். அது புத்திசாலித்தனமான வழி.

தட்டச்சு செய்யப்பட்ட வகையிலும் தமிழுக்கென்று சில சிக்கல்கள் உண்டு. ‘கொ’ என்று நாம் எழுதுகிறபோது கொம்பு முன்னால் வருகிறது, கால் பின்னால் வருகிறது. கணினிக்குள் அது ‘க’, அதற்குப் பின் ஒகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது குறியை இரண்டாகப் பிரித்து, முன்னும் பின்னும் வைக்கிற வேலையை மென்பொருள் செய்ய வேண்டும். கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறிமுறையான யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. ஆனால் அந்தப் பிரித்து வைக்கிற வேலையைத் தொடக்ககால வாசிப்பான்கள் செய்யவில்லை. வெறும் கட்டங்கள் தெரியும், அல்லது கொம்பு ஒரு புள்ளி வட்டத்தோடு தனியே தொங்கும். இலவசத் தமிழ் மின்னூல்களை வெளியிடும் ஃப்ரீதமிழ்இபுக்ஸ் குழுவினர் ஆறு அங்குலத் திரைக்கென்றே தனி பி.டி.எஃப். செய்து கொடுத்தது அந்தக் கஷ்டத்துக்கு மாற்றாக இருந்தது. 2016 டிசம்பரில் அமேசான் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் நூல்களை விற்கத் தொடங்கியது. அதன்பின் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது.

தீராதது, பழைய கோப்புகளின் தொல்லை. தமிழ்ப் பதிப்பகங்கள் நெடுங்காலம் யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் புத்தகம் செய்தன. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு ஏற்பாடு. அந்தக் கோப்பை மாற்றியில் போட்டு யூனிகோடாக்கும்போது எங்கோ ஓர் எழுத்து கழன்றுவிடும். ஸ்கேன் பக்கத்திலிருந்து எழுத்தை அடையாளம் காணும் ஓ.சி.ஆர். மென்பொருள் செய்யும் பிழைகள் வேறு ரகம். காலுக்கும் ரகரத்துக்கும் அதற்கு வேற்றுமை தெரியாது. ‘வந்தான்’ என்பது ‘வந்தரன்’ ஆகிவிடும். பழைய தாளில் புள்ளி மங்கியிருந்தால் ‘கல்’ என்பது ‘கல’ ஆகும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகமானால் துதிக்கை வைத்த லை, ளை, னை எல்லாம் வரும்; அவற்றைக் கற்பிக்காத மென்பொருள் தடுமாறும். அடிக்குறிப்பு எங்கே முடிகிறது, நூல் எங்கே தொடர்கிறது என்பதும் அதற்குத் தெரியாது. கதையின் நடுவே திடீரென்று ஒரு பாடபேதக் குறிப்பு நுழைந்துவிடும். இவ்வளவையும் ஒரு மனிதர் உட்கார்ந்து ஒப்பிட்டுத் திருத்தாவிட்டால் அந்தக் கோப்பு வாசிக்கத் தக்கதாக இராது.

வரி அமைப்பும் கவனிக்க வேண்டியது. தமிழ்ச் சொற்கள் நீளம். ‘சொல்லிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்று ஒரே சொல்லாக எழுதுகிறோம். ஒன்பது சென்டிமீட்டர் அகலத் திரையில், எழுத்தையும் பெரிதாக்கிக்கொண்டால், வரிக்கு மூன்று நான்கு சொல்தான் பிடிக்கும். இருபுறமும் ஓரம் சீராக இருக்க வேண்டுமென்று கருவி முயலும்போது சொற்களுக்கிடையே பெரிய பெரிய வெற்றிடம் விழுந்து, பக்கம் பல் உதிர்ந்த வாய்போலத் தெரியும். அச்சுக் கோப்பவர் சொல்லை வரி முடிவில் பிரித்து இதைச் சரிசெய்வார். கருவிகள் தமிழ்ச் சொல்லைப் பெரும்பாலும் அப்படிப் பிரிப்பதில்லை. அமைப்புகளுக்குள் போய், இடப்பக்க ஓரம் மட்டும் சீராக இருக்கும்படி மாற்றிவிடுங்கள். சின்னக் காரியம்தான், படிக்கிற சுகம் பாதி அதில் இருக்கிறது.

செய்யுளுக்கு வந்தால் கதை வேறு. தென்காசி வட்டாரத்தின் பெரிய இலக்கியச் சொத்து திருக்குற்றாலக் குறவஞ்சி. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் பாடியது. அதை இப்போது யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ஆறு அங்குலத் திரையில் திறந்து பாருங்கள். விருத்தத்தின் ஒரு நீண்ட அடி திரையில் அடங்காமல் மடங்கிவிடும். நாலடிப் பாட்டு எட்டுத் துண்டாகவோ பன்னிரண்டு துண்டாகவோ நிற்கும். எது அடியின் தொடக்கம், எது மடங்கிய மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியாது. தமிழ்ப் பாட்டில் இது சிறிய இழப்பன்று. எதுகை ஒவ்வொரு அடியின் இரண்டாம் எழுத்தில் நிற்கிறது. அச்சில் இடப்பக்க ஓரமாகக் கண்ணை மேலிருந்து கீழே ஓட்டினால் அது வரிசையாகத் தெரியும், வாய் தானாகப் பாடத் தொடங்கும். அடி உடைந்தால் அந்த ஓரம் கலைகிறது, எதுகை மறைகிறது. கோப்பைச் செய்கிறவர் நினைத்தால் மடங்கிய மிச்சத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்கலாம். அப்போது அடியின் தொடக்கங்கள் மட்டும் ஓரத்தில் நிற்கும். அதற்குச் சில வரி நிரல் போதும். செய்தவர்கள் குறைவு.

இது புதிய தொழில்நுட்பத்தின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. எழுத்து ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற ஒவ்வொரு முறையும் யாரோ பொறுமையாக வேலை செய்திருக்கிறார்கள். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமான தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக ரயிலேறினால் போய்ச் சேருகிற அதே கொல்லம். பதினாறே பக்கம். அதற்காகத் தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாக உலோகத்தில் வார்த்தார்கள். ஏட்டிலிருந்து தாளுக்கு வந்தபோது உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் பிரதிகளை ஒப்பிட்டு ஒப்பிட்டு ஆயுளைக் கரைத்தார்கள். தாளிலிருந்து திரைக்கு வருகிற இந்த வேலையும் அதே கவனத்தைக் கேட்கிறது.

அந்தக் கவனத்தோடு செய்தவர்களை நன்றியோடு சொல்ல வேண்டும். 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ச்சுனும் முன்னின்றார்கள். பல நாட்டுத் தமிழர்கள் சம்பளமின்றித் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்பு பார்த்தார்கள். முதல் நூலாகத் திருக்குறளை எடுத்தார்கள். அன்று யூனிகோடு பரவலாகவில்லை. வேறொரு குறிமுறையில் செய்ததைப் பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள். ஈழத்து நூல்களுக்கென 2005இல் நூலகம் என்ற மின்னூலகம் தொடங்கியது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின; ஒரே பிரதியாக இருந்தவையும் போயின. அதை நினைத்தால், ஸ்கேன் படமாக இருந்தாலும் ஒரு நூல் நாலு இடத்தில் சேமிக்கப்பட்டிருப்பதன் அருமை புரியும். படிக்க ஸ்கேன் சிரமம். பாதுகாக்க அதுவே முதல் படி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் இப்படிக் குவிந்து கிடக்கின்றன.

எதை இலவசமாகப் படிப்பது சட்டப்படி சரி என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. 1954இல் காலமானார், 2015 முதல் அவர் எழுத்துகள் எல்லோருக்கும் பொது. அதே ஆண்டு காலமான கல்கிக்கும் அந்தக் கணக்குத்தான். கி. ராஜநாராயணன் 2021இல் காலமானார். அவர் நூல்களின் உரிமை 2081 முடியும்வரை உண்டு. அவருடைய புத்தகத்தின் பி.டி.எஃப். வாட்ஸ்அப்பில் வந்தால் அது திருட்டுப் பிரதி. விற்பனை சில நூறு பிரதிகளைத் தாண்டாத தமிழ்ப் பதிப்புலகில் அப்படி ஒரு கோப்பைப் பத்துப் பேருக்கு அனுப்புவது நேரடியான நஷ்டம். இவை தவிர, ஆசிரியரின் குடும்பத்துக்குத் தொகை கொடுத்து அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களும் பொதுவானவை. பாரதி பாடல்களின் உரிமையை 1949இல் அரசு ஏற்றதிலிருந்து தொடங்கும் பட்டியல் அது. ஒன்று மட்டும் கவனம்: பாட்டு பழையதானாலும், இன்றைய உரையாசிரியர் எழுதிய உரைக்குத் தனி உரிமை உண்டு.

படித்தது மனதில் நிற்குமா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆன் மாங்கென் என்ற நார்வே ஆய்வாளரும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் ஐம்பது பேருக்கு ஒரே மர்மக் கதையைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குப் புத்தகமாக, பாதிப் பேருக்குக் கிண்டிலில். 2019இல் வெளியான முடிவுப்படி, கதையைப் புரிந்துகொண்டதில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று வரிசைப்படுத்துவதில் அச்சில் படித்தவர்கள் மேலாக இருந்தார்கள். இடக்கைப் பக்கம் எவ்வளவு தடிமன் சேர்ந்திருக்கிறது, வலக்கையில் எவ்வளவு மிச்சம் என்பதை விரல்கள் உணர்ந்தபடி இருப்பது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். 2018இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தகவல் நூல்களில், அதுவும் நேரம் குறித்துப் படிக்கும்போது, தாளே மேல். கதை மட்டும் என்றால் வேறுபாடு தெரியவில்லை. அதில் திரை என்றது பெரும்பாலும் கணினியைத்தான். எனக்கு இதில் கிடைக்கிற நடைமுறைப் பாடம்: தேர்வுக்குப் படிப்பதைத் தாளில் படியுங்கள், நாவலைத் திரையில் தயங்காமல் படியுங்கள்.

தூக்கம் கெடும் என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் அமெரிக்க ஆய்வில், படுக்குமுன் நாலு மணி நேரம் ஐபேடில் படித்தவர்களுக்கு உறக்கம் தாமதமானது உண்மை. அது தானே ஒளிரும் திரை, முழு வெளிச்சத்தில் வைத்தது. கருவியின் விளக்கை அணைத்துவிட்டு அறை வெளிச்சத்தில் இ-இங்க் திரையைப் படிப்பதற்கு அந்த முடிவு பொருந்தாது.

வாங்கிய மின்னூல் யாருடையது என்ற கேள்வி எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. கிண்டில் கடையில் பணம் கட்டினால் கிடைப்பது வாசிக்கும் உரிமம். புத்தகம் கைக்கு வருவதில்லை. 2009 ஜூலையில், உரிமை இல்லாத ஒருவர் விற்ற ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நூல்களை, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்தது; பிறகு மன்னிப்புக் கேட்டது. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் நிறுத்திவிட்டது. அச்சுப் புத்தகத்தைப் படித்து முடித்ததும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுக்கலாம், கிளை நூலகத்துக்கு அன்பளிப்பாகத் தரலாம். சிறிய ஊரில் வாசிப்பு வளர்ந்ததே இப்படிக் கைமாறித்தான். டி.கே.சி.யின் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தில் பாட்டைக் கூடியிருந்து வாய்விட்டுச் சுவைத்தார்கள். வரியிலும் அச்சுக்குச் சலுகை உண்டு. புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அச்சுவடிவம் உள்ள மின்னூலுக்கே 18 விழுக்காடு இருந்தது. 2018இல் அதை 5 ஆகக் குறைத்தார்கள்.

விலையைப் பார்ப்போம். 2025இல் இந்தியாவுக்கு வந்த பேப்பர்வைட்டின் அப்போதைய விலை 16,999 ரூபாய். முந்நூறு ரூபாய்க் கணக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் வாங்கலாம். ஆண்டுக்கு ஐந்தாறு புத்தகம் படிக்கிறவர் அந்தப் பணத்தில் புத்தகமே வாங்கட்டும். வாரம் ஒன்று படிக்கிறவர், பழைய நூல்களில் நாட்டமுள்ளவர், கண் மங்கியவர் ஆகிய மூவருக்கும் கருவி பயன்படும். எல்லாவற்றுக்கும் முன்னதாக வேண்டியது நூலக உறுப்பினர் அட்டை. 1948இல் நம் மாநிலம் கொண்டுவந்த நூலகச் சட்டப்படி வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

கருவி வாங்குமுன் சோதித்துப் பார்க்க முடியும். கோப்பின் தரத்தை அறியக் கைப்பேசியே போதும். கிண்டில் செயலியை இறக்கி, நீங்கள் விரும்பும் தமிழ் நூலின் இலவச மாதிரிப் பக்கங்களைத் திறங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள்; மாறுகிறதா, படமாக நிற்கிறதா பாருங்கள். ஒரு சொல்லைத் தேடுங்கள். நாலு பக்கத்தில் எத்தனை எழுத்துப் பிழை கண்ணில் படுகிறது என்று கவனியுங்கள். பேசும் வசதியை இயக்கி வாசிக்கச் சொல்லுங்கள். ஒழுங்கான யூனிகோடு கோப்பைக் கைப்பேசி தமிழில் வாசித்துக் காட்டும்; ஸ்கேன் படத்தின் முன் வாயடைத்து நிற்கும். பார்வையற்ற வாசகருக்கு நல்ல கோப்புக்கும் கெட்ட கோப்புக்கும் உள்ள தூரம் இதுதான். வேறிடத்திலிருந்து இபப் என்ற மின்னூல் வடிவில் எடுத்த நூலை இப்போது கிண்டிலுக்கும் அனுப்பலாம். வடிவம் மாற்ற, கோவித் கோயல் 2006இல் தொடங்கிய காலிபர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

தலைப்புக் கேள்விக்கு என் விடை: பொன்னியின் செல்வனைக் கிண்டிலில் படியுங்கள். குறவஞ்சியை, உரையும் அடி அமைப்பும் ஒழுங்காக உள்ள அச்சுப் பதிப்பாக வாங்குங்கள்.

பொதுவுடைமையான நூல்களுக்குத் தமிழ் விக்கிமூலத்தையும் பாருங்கள். நாட்டுடைமை நூல்கள் அங்கே ஏராளமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. ஒரு பக்கத்தில் ஸ்கேன் படம், அதன் அருகில் ஓ.சி.ஆர். எடுத்த எழுத்து. யாரும் திருத்தாத பக்கம் சிவப்பு. ஒருவர் ஒப்பிட்டுத் திருத்தியது மஞ்சள். இன்னொருவரும் சரிபார்த்துவிட்டால் பச்சை. பச்சை மிகுந்த நூலை இபப் வடிவில் இறக்கிக்கொண்டால் நம்பிப் படிக்கலாம். நீங்கள் தேடிய நூல் சிவப்பாகவே கிடந்தால், ஒரு பக்கத்தைத் திறந்து ‘வந்தரன்’ என்பதை ‘வந்தான்’ என்று திருத்திச் சேமியுங்கள். அதற்குக் கிண்டில் வேண்டாம், கையிலிருக்கும் கைப்பேசியே போதும்.